தும்பையை வளர்ப்பதும் உண்பதும் மருந்தாகக் கொள்வதும்

புதினாவைத் தொட்டியில் வளர்ப்பது போலத் தும்பையையும் வளர்க்க முடியுமா, அதன் இலையையும் பூவையும் சமைத்து உண்ணலாமா, குழந்தையின் சளிக்குக் கொடுக்கலாமா, பொட்டலத்தில் விற்கப்படும் தும்பைப் பொடியை நம்பலாமா என நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் விடை, தாராளமாகச் செய்யலாம் என்பதே. மூன்றாவது கேள்விக்கான விடை குழந்தையின் வயதையும் நீங்கள் கொடுக்க நினைக்கும் முறையையும் பொறுத்தது. அதில் எச்சரிக்கை மிகவும் தேவைப்படுவதால், அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொடியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தும்பை புதினாவின் உறவு என்று கேள்விப்பட்டதாக எழுதியிருந்தீர்கள், அது சரிதான். லேமியேசி எனப்படும் புதினாக் குடும்பத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் இனங்கள் உள்ளன. துளசி, திருநீற்றுப்பச்சை, கற்பூரவல்லி, பேய்மிரட்டி ஆகியவற்றுடன் தும்பையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. சமையலறைப் புதினா குளிர்ந்த நாடுகளிலிருந்து வந்து நம்மிடம் தங்கிவிட்ட செடி. நிழலும் இடைவிடாத ஈரமும் கேட்கும். தும்பையோ இந்த மண்ணுக்கே உரியது. மழை விழுந்ததும் வரப்பிலும் தரிசிலும் மானாவாரிக் கடலைக் கொல்லையிலும் யாரும் விதைக்காமலே முளைத்து, பூத்து, விதை உதிர்த்துவிட்டுக் கோடைக்குள் காய்ந்துபோகும் ஓராண்டுச் செடி அது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் வளர்ப்பு முறையில் பாதி புரிந்துவிடும். தண்டை ஒடித்து நட்டு ஆண்டு முழுவதும் கிள்ளிக்கொண்டிருப்பது புதினாவுக்கு உரிய வழி. தும்பையை விதையிலிருந்து வளர்த்து, அதன் பருவத்தில் பயன்படுத்தி, அடுத்த மழைக்காக விதையைக் காப்பாற்றி வைக்க வேண்டும்.

வளர்ப்பதற்கு முன் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். தாவரவியலில் லூக்காஸ் ஆஸ்பெரா எனப்படுவதே நாம் பொதுவாகத் தும்பை என்று சொல்லும் செடி. அரை அடி முதல் இரண்டடி வரை உயரும். தண்டை இரு விரல்களுக்கு இடையே வைத்து உருட்டிப் பார்த்தால் அது உருளாமல் நான்கு விளிம்புகளும் விரலில் தட்டுப்படும். தண்டிலும் இலையிலும் குட்டையான சொரசொரப்பான மயிர்கள் இருக்கும். இலைகள் எதிரெதிராக, மூன்று முதல் ஏழு செ.மீ. நீளத்தில், ஏறத்தாழ ஒரு செ.மீ. அகலத்தில் ஒடுங்கியிருக்கும், கசக்கினால் மூக்கில் ஏறும் ஒரு காரமான வாசனை வரும். கணுக்களில் தண்டைச் சுற்றிப் பச்சைக் குழல்கள் நெருக்கமாகப் பந்து போல அமைந்திருக்கும். ஒவ்வொரு குழலின் வாயும் சற்றுச் சாய்ந்து வளைந்திருக்கும். அந்தக் குழலிலிருந்துதான் தூய வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும். பூவின் மேலுதடு சிறியது, மயிர் அடர்ந்து உள்ளே குவிந்த ஒரு முக்காடு. கீழுதடு பெரியது, மூன்று மடலாக விரிந்து தேனீ இறங்குவதற்கான மேடையாக நீண்டிருக்கும். பூவை மெதுவாக இழுத்தால் பச்சைக் குழல் செடியிலேயே நிற்க, பூ மட்டும் கையோடு வந்துவிடும். அதன் அடிநுனியில் ஒரு துளி தேன் இருக்கும். கிராமத்துப் பிள்ளைகள் உறிஞ்சுவது அதைத்தான்.

பெயரை மட்டும் நம்பிச் செடியைப் பறிப்பது ஆபத்து. ஏனெனில் தும்பை என்று முடியும் பெயர்கள் பல, அவற்றுக்குரிய செடிகளோ ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. காசித்தும்பை என்பது வண்ண வண்ணமாகப் பூக்கும் தோட்டச் செடி. தும்பைக்கும் அதற்கும் குடும்ப உறவே கிடையாது. பெருந்தும்பை என்று ஓரிடத்தில் பெரிய பூக்கொத்துடைய இன்னொரு லூக்காஸ் இனத்தைச் சொல்வார்கள், இன்னோரிடத்தில் பேய்மிரட்டியைச் சொல்வார்கள். இவற்றுள் நான் அஞ்சுவது கவிழ்தும்பையைக் கண்டுதான். கழுதைத்தும்பை என்றும் அழைக்கப்படும் அச்செடியின் வெளிர்நீலப் பூ தலைகவிழ்ந்து தொங்கும். தண்டில் நான்கு விளிம்புகள் இருக்காது. கசக்கினால் தும்பையின் வாசனையும் வராது. அது சார்ந்த டிரைக்கோடெஸ்மா பேரினத்துச் செடிகளில் கல்லீரலைச் சிதைக்கும் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் உள்ளன. அந்த நஞ்சு ஒரே வேளையில் ஆளைச் சாய்க்காது. சிறிது சிறிதாகச் சேர்ந்து கெடுக்கும். ஆகவே கவிழ்தும்பையைக் கீரைக் கூடையில் சேர்க்கவே கூடாது. பூக்காத இளஞ்செடியைப் பார்த்து ஐயம் எழுந்தால், பூக்கும் வரை பொறுத்திருந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வழியோரத்தில் தாராளமாகக் கிடைக்கும் செடியை ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்கக்கூடும். தும்பை இன்று எங்கே முளைக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரியும். வயல் வரப்பில் நிற்கும் தும்பைக்குக் களைக்கொல்லி தெளிக்கப்பட்டிருக்கலாம். தெளித்த மறுநாள் அச்செடி பச்சையாகவே இருக்கும். இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு, மஞ்சளிப்பதற்குச் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் பறிப்பவருக்கு எதுவும் தெரிவதற்கில்லை. நெடுஞ்சாலை ஓரத்துச் செடியில் வண்டிப்புகையும் புழுதியும் படிந்திருக்கும். தெருவோரத்துச் செடியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தும்பை இலையின் மயிர்கள் தூசியை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையவை என்பதால் இந்தக் கவலை மற்றக் கீரைகளைவிடத் தும்பைக்கு அதிகம் பொருந்தும். உண்பதற்கும் மருந்துக்கும் வேண்டிய தும்பை, வரலாறு தெரிந்த மண்ணில் வளர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டுத் தொட்டியை நான் வலியுறுத்துவதும் அதனால்தான்.

விதையிலிருந்து தொடங்கலாம். பூ உதிர்ந்தபின் பச்சைக் குழல் வைக்கோல் நிறத்துக்கு மாறிக் காய்ந்துவிடும். அதன் அடியில் பழுப்பு நிறத்தில், மூன்று பட்டைகள் தெரிய, எள்ளை ஒத்த அளவில் நான்கு விதைகள் வரை இருக்கும். குழலின் வாய் மேல்நோக்கி இருப்பதால் விதைகள் உடனே கொட்டிவிடுவதில்லை. காய்ந்த கொத்துகளைக் காம்போடு நறுக்கி, ஒரு தாளின்மேல் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் உதிரும். சுத்தமான இடத்தில் காய்ந்து நிற்கும் இரண்டு செடிகள் கிடைத்தால் போதும், ஒரு வீட்டுக்கு வேண்டிய விதை அதிலேயே கிடைத்துவிடும். களைக்கொல்லி அடித்த இடமாக இருந்தாலும் விதையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், வேறு இடம் தேடுவதே நல்லது என்பேன். தெளிப்புக்கு ஆளான செடியின் விதை முளைப்புத்திறன் குன்றியதாக இருக்கக்கூடும்.

ஆடி மாதக் கடைசியிலோ ஆவணியிலோ, வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்கும் பகுதியானால் புரட்டாசியிலோ விதையுங்கள். ஒரு சாண் ஆழமுள்ள வாயகன்ற தொட்டி போதும். ஆழத்தைவிட அகலமே பயன் தரும். தோட்டத்து மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு என்று கலந்தால் போதுமானது. எருவைக் கூட்டினால் இலை பெருத்துச் செடி தளதளவென்று வரும். ஆனால் வாசனையும் காரமும் மெலிந்து, பூப்பதும் தள்ளிப்போகும். இயல்பிலேயே வறண்ட மண்ணில் வாழப் பழகிய செடிக்கு அளவுக்கு மீறி ஊட்டுவது நல்லதில்லை. விதையைப் பொடிமணலோடு கலந்து மேலாகத் தூவி, மூடியும் மூடாததுமாக மண்ணைத் தூவினால் போதும்; ஆழத்தில் புதைத்தால் முளைப்பது குறையும். தூவிய எல்லா விதைகளும் ஒரே நேரத்தில் முளைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காட்டுச் செடிகளின் விதைகள் ஒரு மழையை நம்பி ஒட்டுமொத்தமாக முளைப்பதில்லை. சில உடனே முளைக்கும், சில அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஆகவே முதல் முளைப்பைக் கண்டு மனம் தளர்ந்து தொட்டி மண்ணைக் கிளறிவிடாதீர்கள்.

விதை கிடைக்காவிட்டால், மழைக்குப் பின் நல்ல இடத்தில் முளைத்திருக்கும் இரண்டங்குல நாற்றை வேர்மண்ணோடு தோண்டி எடுத்து மாலை வேளையில் நடலாம். வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டால் அநேகமாகக் காய்ந்துவிடும். நாற்றுகள் ஒரு விரல் உயரம் வந்ததும் ஒன்றுக்கொன்று அரையடி இடைவெளி இருக்குமாறு கலைத்துவிடுங்கள்; கலைத்த நாற்றுகளே உங்களுடைய முதல் கீரை. நேர் வெயில் நாளில் பாதியாவது விழ வேண்டும். நிழலில் வைத்த தும்பை நெடுநெடுவென்று வளர்ந்து சாயும், பூ குறையும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டியில் தும்பை சாவதற்குப் பெரும்பாலும் காரணம் வறட்சியன்று, தேங்கிய நீரில் வேர் அழுகுவதே. ஐந்தாறு கணு வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, இலையும் பூவும் பெருகும். மாவுப்பூச்சி தென்பட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், மிகுந்துவிட்ட கிளையை வெட்டி எறிந்துவிடுங்கள். உண்ணப்போகும் செடிக்கு அதற்கு மேல் எதுவும் தெளிக்க வேண்டியதில்லை.

பூக்கத் தொடங்கியதும் தேனீக்களும் சிறு வண்ணத்துப்பூச்சிகளும் காலையிலேயே வந்துவிடும். மாடியில் கத்தரி, பூசணி, பாகல் வைத்திருப்பவர்கள் அவற்றின் அருகில் ஒரு தொட்டித் தும்பை வைத்தால், வருகின்ற தேனீக்கள் அந்தப் பூக்களையும் எட்டிப் பார்க்கும். மானாவாரி நிலத்தில் தும்பையைக் களை என்று ஒட்டுமொத்தமாக ஒழிப்பதை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம். பயிரின் இளம்பருவத்தில் களை எடுப்பது தேவைதான். வரப்பில் நிற்பதையாவது விட்டுவைக்கலாம். பருவ முடிவில் இரண்டு மூன்று செடிகளைக் கிள்ளாமல் முழுமையாக விதைக்க விடுங்கள். பங்குனி, சித்திரையில் செடி காய்ந்ததும் தொட்டி மண்ணைக் கொட்டிவிடாமல் அப்படியே வைத்திருந்தால், அடுத்த மழைக்கு உதிர்ந்த விதைகளிலிருந்து நாற்றுகள் தாமாகவே எழும்பும்.

இனி, உணவு. தும்பை இலையின் சுவை கைப்பும் காரமும் கலந்தது. புதினாவைப் போல அப்படியே அரைத்துச் சட்னியாக உண்ணலாம் என்று நினைத்துத் தொடங்கினால் முதல் கவளத்திலேயே வெறுத்துவிடுவீர்கள். நம் ஊர்களில் இதைத் தனிக்கீரையாகச் சமைப்பதைவிடக் கலவைக்கீரையில் ஒன்றாகச் சேர்ப்பதே வழக்கம். மழைக்காலத்தில் காட்டுக்குப் போய்ப் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, முடக்கத்தான் என்று கிடைத்ததையெல்லாம் மடியில் கட்டிவரும் பெண்கள், தும்பையில் ஒரு கைப்பிடிக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். அந்த அளவே சரியான அளவு. மூன்று பங்கு தண்டுக்கீரைக்கோ முருங்கைக்கோ ஒரு பங்கு தும்பை என்று வைத்துக்கொண்டால், கைப்பு நாவை வருத்தாது. அதே நேரத்தில் அதன் வாசனை கடைசல் முழுவதும் தெரியும். அசாமிலும் இதைக் கீரையாக உண்கிறார்கள். இலங்கையில் இதன் நெருங்கிய இனம் ஒன்றைத் தேங்காய்த் துருவலோடு வதக்கிச் சோற்றுடன் உண்கிறார்கள்.

பூப்பதற்கு முந்திய இளந்தளிரைக் கிள்ளுங்கள். பூத்தபின் இலை முரடாகிக் கைப்பும் ஏறிவிடும். அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, இலையை அமிழ்த்தி அலசி, தண்ணீரைச் சாய்க்காமல் இலையை மட்டும் மேலே அள்ளி எடுக்க வேண்டும். அப்போதுதான் மண் அடியிலேயே தங்கும். இவ்வாறு மூன்று முறை. பாசிப்பருப்பை மலர வேகவைத்து, அதில் நறுக்கிய கீரைக் கலவையையும் நாலைந்து பூண்டுப் பல்லையும் சீரகத்தையும் சேர்த்து, மூடாமல் வேகவிட்டு, மத்தால் கடைந்து, நல்லெண்ணெயில் வடகம் தாளித்துக் கொட்டினால் ஒரு வேளைக்கு அதுவே போதும். கைப்பை இன்னும் குறைக்க வேண்டுமானால் தேங்காய் அரைத்து ஊற்றிக் கூட்டாக்கலாம். இலையைக் கொதிநீரில் போட்டுப் பிழிந்து நீரைக் கொட்டிவிடும் முறையும் உண்டு. ஆனால் வாசனையும் சத்தும் அந்த நீரோடு போய்விடுவதால், கலவையில் சேர்க்கும் அளவைக் குறைப்பதே மேல் என்பது என் எண்ணம். ரசத்திலும் சேர்க்கலாம். மிளகு, சீரகம், பூண்டோடு ஏழெட்டு இலைகளைத் தட்டிப்போட்டு, நுரை கூடி வரும்போது இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் கைப்பு ரசத்தில் இறங்கிவிடும்.

பூவைப் பொறுத்தவரை சமையல் எளிது, பறிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். காலையில் பனி உலர்ந்ததும் பறித்து, வெள்ளைத் துணியில் கொஞ்ச நேரம் பரப்பி வைத்தால் உள்ளிருக்கும் எறும்பும் சிறு பூச்சிகளும் வெளியேறிவிடும். இரண்டு கைப்பிடிப் பூவுக்கு இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, மூன்று காய்ந்த மிளகாய், சிறு நெல்லிக்காய் அளவு புளி, மூன்று மேசைக்கரண்டித் தேங்காய்த் துருவல் என்பது துவையலுக்குப் பொருத்தமான அளவு. பருப்பையும் மிளகாயையும் நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சட்டியின் சூட்டிலேயே பூவைப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டினால் போதும். தீயில் வைத்து வதக்கினால் பூ சுருண்டு, கருத்து, ஒன்றுமில்லாமல் போகும். எல்லாவற்றையும் உப்புச் சேர்த்துக் கெட்டியாக அரைத்துச் சூடான சோற்றில் நல்லெண்ணெயோடு பிசைந்து உண்டால், பூவின் மெல்லிய இனிப்பும் பின்னால் எழும் காரமும் தனித்தனியாகத் தெரியும். இலையை விரும்பாதவர்களும் இந்தத் துவையலை விரும்பி உண்பார்கள். பறித்த பூ அன்று மாலைக்குள் வாடிவிடும். குளிர்பெட்டியில் வைத்தாலும் மறுநாள் வாசனை இருக்காது.

மருந்துப் பயன்பாட்டுக்கு வருகிறேன். சித்த மருத்துவமும் வீட்டு வைத்தியமும் தும்பையைச் சளி, இருமல், நீர்க்கோவை, தலைபாரம், காய்ச்சல், தோல் அரிப்பு, பூச்சிக்கடி ஆகியவற்றுக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. செடியில் உர்சாலிக் அமிலம், பீட்டா சிட்டோஸ்டீரால் முதலிய பொருள்கள் உள்ளன. நிகோடின் இருப்பதாகவும் வேதியியல் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வீக்கத்தைத் தணிக்கும், சில நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும், கொசுப்புழுக்களைக் கொல்லும் என்று காட்டிய சோதனைகள் பல உண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை ஆய்வுக்கூடக் குடுவையிலோ எலிகளிலோ செய்யப்பட்டவை. சாற்றை வேதிக் கரைப்பான்களில் செறிவூட்டிச் செய்யப்பட்டவை. அந்த முடிவுகளை அப்படியே ஒரு டம்ளர் கஷாயத்துக்கு ஏற்றிச் சொல்வது நேர்மையாகாது. தும்பையை, தானாகவே ஆறக்கூடிய சிறு உபாதைகளில் இதம் தரும் செடியாகக் கொள்ளலாம். சிகிச்சை தேவைப்படும் நோய்க்கு அதை மருந்தாக நம்பிக் காத்திருக்கலாகாது.

பெரியவர்களுக்கு மூக்கடைப்பும் தலைபாரமும் இருக்கும்போது, ஒரு கைப்பிடி இலையைக் கொதிநீரில் போட்டு வேது பிடிப்பது எளிய முறை. பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைக்காமல், ஆடாத மேசையிலோ தரையிலோ வைத்து, ஒரு முழ இடைவெளி விட்டுக் குனியுங்கள். நீராவியும் வெந்நீரும் சரிந்து குழந்தைகள் வெந்துபோகும் நிகழ்வுகள் வீடுகளில் நடப்பவை. ஆகவே சிறு குழந்தைக்கு வேது பிடிக்க வேண்டாம். தலைக்குத் தேய்க்கும் தும்பைப்பூ எண்ணெய் இன்னொரு வழக்கம். கால் லிட்டர் நல்லெண்ணெயில் இரண்டு கைப்பிடிப் பூவைப் போட்டு, மெல்லிய தீயில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்ச வேண்டும். அடியில் தங்கிய பூவை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினால் மெழுகு போலத் திரள வேண்டும். அதுவே மெழுகுப் பதம். ஈரம் மிச்சமிருந்தால் எண்ணெய் சில நாட்களிலேயே சிக்கடித்துப்போகும். ஆறியபின் வடிகட்டிக் கண்ணாடிப் புட்டியில் வைத்து, வாரம் ஒருமுறை தலைமுழுக்குக்குப் பயன்படுத்தலாம்.

தோலில் அரிப்புக்கு இலைச்சாறு தடவுவோர், முதலில் முன்னங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்திருந்து, சிவப்போ எரிச்சலோ இல்லையென்று பார்த்துக்கொள்ள வேண்டும். சொறி சிரங்குக்கும் படர்தாமரைக்கும் சாற்றை மட்டும் நம்புவது அவற்றை வீடு முழுவதும் பரவவிடுவதிலேயே முடியும்.

குழந்தைக்கு வருவோம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம், தும்பையும் வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தும்பைச் சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கத்தைக் கட்டாயம் கைவிட வேண்டும். தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அந்த வயதுக் குடலில் பெருகி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கக்கூடும். மூக்கில் தும்பைச் சாற்றையோ எண்ணெயையோ சொட்டுவிடுவது எந்த வயதுக் குழந்தைக்கும் ஆகாது. மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலில் இறங்கினால் ஒருவகை நிமோனியாவே வரும். சித்த மருத்துவத்தில் மூக்கின் வழியே மருந்து விடும் நசியம் என்பது மருத்துவர் ஆளைப் பார்த்து, மருந்தைப் பார்த்துச் செய்யும் சிகிச்சை; அதை வீட்டில் பாட்டி சொன்னார் என்று செய்யக் கூடாது. கீரையும் ரசமும் உண்ணப் பழகிவிட்ட இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குப் பத்துப் பூவைப் பாலில் போட்டுக் காய்ச்சி, வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொடுப்பதில் தவறில்லை. அது உணவு அளவைத் தாண்டாது. ஆயினும் இருமலோடு மூச்சு வேகமாக வாங்குகிறதா என்று கவனியுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடத்துக்கு மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சு வாங்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, நிமோனியாவாக இருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த நேரத்தில் தும்பையைத் தேடிப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் குழந்தைக்கு இழப்பு.

கருவுற்ற பெண்களும் பாலூட்டுபவர்களும் கலவைக்கீரையில் எப்போதாவது உண்பதோடு நிறுத்திக்கொண்டு, சாறாகவோ கஷாயமாகவோ குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஆய்வு இதற்குக் கிடையாது. சர்க்கரைக்கோ, இரத்த அழுத்தத்துக்கோ, இரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மருந்து உண்பவர்கள் தும்பைச் சாற்றைத் தொடர்ந்து குடிக்க நினைத்தால், அந்த மருந்தைக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். பச்சைச் சாற்றைச் செறிவாகக் குடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாம்பு கடித்தால் தும்பைச் சாறு கொடுத்தால் பிழைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் பல ஊர்களில் உயிரோடு இருக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையை எட்டாமலே இறந்தவர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராகச் செயல்படும் ஒரே நஞ்சுமுறி மருந்து அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. அதைத் தயாரிப்பதற்கான நஞ்சை, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. பச்சிலைகளை நன்கறிந்த இருளர் மக்களே தங்கள் உழைப்பை அந்த ஊசிமருந்துக்குத் தருகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கடிபட்டவரை ஓடவிடாமல், கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 108ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ கொண்டுசெல்லுங்கள். செந்தேள் கொட்டி, உடல் வியர்த்துக் கைகால் குளிர்ந்தாலும் இதே அவசரம்தான். அதற்குப் பிரசோசின் என்னும் மருந்து பயனுள்ளதென மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். எறும்பும் கொசுவும் கடித்த தடிப்புக்குத் தும்பைச் சாறு தடவுவதோடு அதன் எல்லை முடிகிறது.

பொடியைப் பற்றிய கடைசிக் கேள்வி. அரைத்துப் பொடியாக்கிய பிறகு தும்பைக்கும் வேறொரு காய்ந்த இலைக்கும் வேறுபாடு காண்பது சாதாரணக் கண்ணுக்கு இயலாது. கவிழ்தும்பையோ வேறு செடியோ கலந்திருந்தால் வாங்குபவருக்குத் தெரியாது. எங்கே பறித்தது என்பதும் தெரியாது. சித்த மருந்தாக விற்கப்படும் பொட்டலமானால் அதன்மேல் மருந்து உற்பத்தி உரிம எண், தொகுப்பு எண், தயாரித்த நாள், காலாவதி நாள், தயாரிப்பாளரின் முழு முகவரி ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும், இல்லாததை வாங்காதீர்கள். பொடி தேவைப்பட்டால் நீங்களே தயாரித்துக்கொள்வது அதைவிட எளிது. பூக்கத் தொடங்கும் பருவத்தில் கிளைகளை வெட்டி, அலசி, நீர் வடித்து, காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள்; வெயிலில் காயவைத்தால் வாசனை பறந்துவிடும். இலை கையில் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்ததும், பொடிக்காமல் இலையாகவே காற்றுப் புகாத புட்டியில் வைத்து, மேலே மாதமும் ஆண்டும் எழுதி ஒட்டுங்கள். தேவைப்படும்போது மட்டும் கசக்கிக்கொள்ளலாம். அடுத்த மழைக்குப் புதுத் தும்பை வந்ததும் பழையதை எருக்குழியில் கொட்டிவிடுங்கள். இடையில் எப்போது திறந்தாலும் பூஞ்சை வாடை வந்தாலோ, இலை வெளுத்து வாசனையற்றுப் போயிருந்தாலோ, அதைப் பயன்படுத்த வேண்டாம்.